பரம் வீர் சக்கரம்: இந்தியாவின் உயரிய போர் வீர விருதின் வரலாறு

பரம் வீர் சக்கரம் என்பது போர்க்களத்தில் எதிரியின் முன்னிலையில் காட்டப்படும் தலைசிறந்த வீரத்திற்காக இந்திய அரசு வழங்கும் மிக உயர்ந்த படைத்துறை விருதாகும். 1950 ஜனவரி 26 அன்று, இந்தியா குடியரசான அதே நாளில், இவ்விருது நிறுவப்பட்டது. 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த போர்ச் செயல்களுக்கும் அது பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டது. இதுவரை 21 பேர் இதைப் பெற்றுள்ளனர். அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது.

ஒரு வீரச்செயல் அரசின் ஏட்டில் ஏற வேண்டுமானால், அதை நேரில் கண்டு சொல்ல யாராவது உயிரோடு மீள வேண்டும். இந்த விருதின் வரலாறு நெடுகிலும் இச்சிக்கலைக் காணலாம். இறந்துவிட்டார் என்று விருது அறிவிக்கப்பட்டவர் உயிரோடு திரும்பியதும், உயிர் தப்பியவர் சொன்னதை முதலில் எவரும் நம்பாததும், எதிரியே சாட்சியாக நின்றதும் இவ்வரலாற்றில் உண்டு.

முன்வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் வீர விருதுகளிலும் இனப் பாகுபாடு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1837ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு வீர விருதை ஏற்படுத்தியது. 1856இல் விக்டோரியா அரசி நிறுவிய விக்டோரியா சிலுவை பதவி வேறுபாடு பாராமல் வழங்கப்படும் விருது எனப் போற்றப்பட்டது. ஆயினும் பிரித்தானிய இந்தியப் படையின் இந்திய வீரர்கள் அதைப் பெற முடியாத நிலை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. 1911ஆம் ஆண்டு தில்லி தர்பாரின்போதுதான் அவர்களுக்கும் அந்தத் தகுதி அளிக்கப்பட்டது.

மூன்று ஆண்டுகளில் முதல் உலகப் போர் வந்தது. 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹொல்பெக் என்னுமிடத்தில், தம் இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் அனைவரும் மடிந்த பின்னும் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்த சிப்பாய் குதாதாத் கான், விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படை வீரரானார். இரண்டு உலகப் போர்களிலும் இந்தியர் பலர் அவ்விருதைப் பெற்றனர். எனினும் அது இங்கிலாந்து மன்னரின் பெயரால் வழங்கப்பட்டது.

தோற்றம்

1947 அக்டோபரில் காஷ்மீரில் போர் மூண்டது. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் சட்டப்படி ஒரே மன்னரின் கீழ் இருந்த டொமினியன்கள். அந்த மன்னரின் பெயரால் ஒரு தரப்பின் வீரருக்கு விருது வழங்குவது பொருந்தாத நிலை இருந்தது. வீரச் செயல்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன; அவற்றைப் பாராட்டச் சொந்தமான விருது நாட்டிடம் இல்லை.

புதிய விருதுகளை வடிவமைக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் ஹீரா லால் அட்டலிடம் வந்தது. அவர் சாவித்திரி கானோல்கரை நாடினார். சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் நகரில் 1913ஆம் ஆண்டு, ஹங்கேரியத் தந்தைக்கும் ருஷ்யத் தாய்க்கும் மகளாகப் பிறந்தவர் சாவித்திரி. ஈவ் இவோன் என்பது அவருடைய இயற்பெயர். விக்ரம் கானோல்கர் என்ற இந்தியப் படை அதிகாரியை 1932இல் மணந்து, பெயரையும் மாற்றிக்கொண்டு, சமஸ்கிருதமும் இந்தியக் கலைகளும் புராணங்களும் கற்றார். நாட்டின் உயரிய போர் விருதின் உருவம் அவர் கையில் பிறந்தது.

1950 குடியரசு நாளில் பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகிய மூன்றும் ஒன்றாக நிறுவப்பட்டன. பின்தேதியிட்டு நடைமுறைக்கு வந்ததால் காஷ்மீர்ப் போரின் வீரர்களும் விருதுக்குத் தகுதி பெற்றனர்.

வடிவமைப்பு

பதக்கம் வெண்கலத்தால் ஆனது, வட்ட வடிவமுடையது, அதன் விட்டம் ஏறத்தாழ 3.5 செ.மீ. நடுவில் அரசு இலச்சினையும், அதைச் சூழ இந்திரனின் வச்சிராயுத உருவங்கள் நான்கும் உள்ளன. பின்புறத்தில் விருதின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டு, இடையே இரண்டு தாமரை மலர்கள் அமைந்துள்ளன. நாடா வேறு நிறக் கோடுகளின்றி முழுதும் ஊதா நிறமுடையது. பதக்கம் இடது மார்பில் அணியப்படுகிறது.

வச்சிராயுதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் ததீசி முனிவரின் கதை இருக்கிறது. விருத்திராசுரனை வெல்ல வேறு ஆயுதம் இல்லாதபோது, ததீசி தம் உயிரை விட்டு முதுகெலும்பைத் தந்தார் என்றும், அதிலிருந்து வச்சிராயுதம் செய்யப்பட்டது என்றும் புராணம் கூறும். வெற்றியைவிடத் தன்னையே கொடுத்தலை முன்னிறுத்தும் கதை இது. பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்ட ஒரு விருதுக்கு இந்தச் சின்னம் பொருத்தமாக அமைந்துவிட்டது.

தகுதியும் தேர்வும்

நிலம், கடல், வான் ஆகிய எதிலும், எதிரியின் முன்னிலையில் காட்டப்படும் மிகச் சிறந்த வீரம், துணிகரச் செயல் அல்லது தன்னலமற்ற தியாகம் இவ்விருதுக்குரியது. முப்படையினர், சேமப் படையினர், பிரதேச இராணுவத்தினர், சட்டப்படி அமைந்த பிற ஆயுதப் படையினர் ஆகிய அனைவரும் இதைப் பெறலாம். பதவி ஒரு தடையன்று. தொடக்கம் முதலே பெண்களுக்கும் படைத்துறைச் செவிலியருக்கும் தகுதி உண்டு. ஆனால் இதுவரை பெண் எவரும் பெறவில்லை. இரண்டாம் முறை பெறுபவருக்கு நாடாவில் ஒரு பட்டை சேர்க்கப்படும் என்பது விதி. அப்படியும் எவரும் பெற்றதில்லை.

பரிந்துரை களத்திலிருந்தே தொடங்குகிறது. வீரரின் படைப்பிரிவுத் தலைவர், நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களோடு அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவார். அது படிப்படியாகப் படைத் தலைமையகத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தையும் கடந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குச் செல்லும். பின்னர் அரசிதழில் வெளியாகும். எந்தப் படியிலும் அது குறைந்த நிலை விருதாக மாற்றப்படலாம்.

"எதிரியின் முன்னிலையில்" என்ற சொற்கள் முக்கியமானவை. அவ்வாறல்லாத சூழலில் காட்டப்படும் உயரிய வீரத்திற்கு அசோகச் சக்கர விருது உள்ளது. அது 1952இல் நிறுவப்பட்டது. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிரிழந்த, சென்னையைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு வழங்கப்பட்டது அசோகச் சக்கரமே. இரண்டு விருதுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு செயல் நடந்த சூழலைப் பொறுத்தது. வீரத்தின் அளவைப் பொறுத்ததன்று.

முதல் ஐவர்

முதல் பரம் வீர் சக்கரம் 4ஆம் குமாவுன் பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு வழங்கப்பட்டது. 1947 நவம்பர் 3 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தை நோக்கி வந்த பழங்குடிப் படையினரைப் பட்காமில் அவருடைய சிறு படை எதிர்த்து நின்றது. ஏற்கெனவே எலும்பு முறிந்து அவரது இடது கையில் மாவுக்கட்டு போடப்பட்டிருந்தது. எதிரிகள் மிக நெருங்கிவிட்டதாகவும், தாம் ஓரங்குலமும் பின்வாங்கப் போவதில்லை என்றும் கம்பியில்லாத் தந்தியில் தெரிவித்த சற்று நேரத்தில் அவர் கொல்லப்பட்டார். விமானத் தளம் தப்பியது. அவருக்கான விருது 1950 ஜூன் 21 அன்று அரசிதழில் வெளியானது. சோம்நாத்தின் தம்பி, பதக்கத்தை வடிவமைத்த சாவித்திரி கானோல்கரின் மகளை மணந்தவர் என்பது தற்செயலான ஒரு பொருத்தம்.

அதே போரில் நாயக் ஜதுநாத் சிங், கம்பெனி ஹவில்தார் மேஜர் பீரு சிங் ஆகியோர் மறைவுக்குப் பின் இவ்விருதைப் பெற்றனர். லான்ஸ் நாயக் கரம் சிங்கும் இரண்டாம் லெப்டினன்ட் ராமா ரகோபா ராணேயும் உயிருடன் இருக்கும்போதே பெற்றனர்.

ராணேயின் செயல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அவர் பொறியியல் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1948 ஏப்ரலில் நவ்சேராவிலிருந்து ரஜௌரிக்குச் செல்லும் பாதையில் எதிரிகள் கண்ணிவெடிகளைப் புதைத்து, மரங்களை வெட்டிப்போட்டு, பாறைத் தடைகளையும் அமைத்திருந்தனர். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, காயத்துடனும், முன்னேறும் டாங்கியின் அடியில் தவழ்ந்தும், பல நாள்கள் உழைத்து அவர் வழியைத் திறந்தார். ஒருவரைக்கூடக் கொல்லாமல், வழியமைத்ததற்காகவே நாட்டின் உயரிய போர் விருது கிடைக்கலாம் என்பதை அவர் காட்டினார்.

காங்கோவும் சீனப் போரும்

1961இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அமைதிப் படையில் இந்தியாவும் இடம்பெற்றிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று காங்கோவின் எலிசபெத்வில் நகரில், தம்மைவிடப் பல மடங்கு பெரிய கட்டாங்கா படைக்கு எதிராகக் கூர்க்கா வீரர் பதினாறு பேருடன் தாக்குதல் தொடுத்து உயிரிழந்தார் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. அமைதிப் படைப் பணியில் இவ்விருதைப் பெற்ற ஒரே வீரர் அவர்.

1962 சீனப் போரில் மூவர் பெற்றனர். சாட்சியச் சிக்கல் மிகத் தெளிவாக வெளிப்பட்டது அப்போரில்தான்.

லடாக்கின் பாங்கோங் ஏரிக்கு வடகரையில் இருந்த சிரிஜாப் காவல் நிலையை மேஜர் தன் சிங் தாப்பா காத்துநின்றார். 1962 அக்டோபர் 20 அன்று அந்நிலை வீழ்ந்தது. அவர் இறந்துவிட்டதாகக் கருதி மறைவுக்குப் பிந்தைய விருது அறிவிக்கப்பட்டது. வீட்டில் ஈமச் சடங்குகளும் நடந்தன. அவரோ சீனரின் போர்க் கைதியாக உயிருடன் இருந்தார். போர் முடிந்து 1963இல் திரும்பிவந்தார்.

அக்டோபர் 23 அன்று தவாங் பகுதியில் பும் லா அருகே போரிட்டுக் காயமடைந்து பிடிபட்ட சுபேதார் ஜோகிந்தர் சிங் அவ்வாறு திரும்பவில்லை. அவர் சீனரின் காவலிலேயே இறந்தார்.

நவம்பர் 18 அன்று ரெசாங் லா கணவாயில் மேஜர் சைத்தான் சிங்கின் தலைமையில் 13ஆம் குமாவுன் பட்டாலியனின் ஒரு கம்பெனி நின்றது. ஏறத்தாழ 120 பேர். பின்னாலிருந்த மலைமுகடு மறைத்ததால் பீரங்கிப் படையின் உதவி அவர்களுக்குக் கிட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். உயிர் தப்பிய சிலர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பத் தயங்கினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் அவ்விடத்தைக் கண்டு தகவல் சொன்னார். பனியில் உறைந்த உடல்கள் பதுங்கு குழிகளிலேயே, ஆயுதங்களைப் பற்றியபடி கிடந்தன. இறந்தவர்களே தங்கள் செயலுக்குச் சாட்சியாயினர்.

1965, 1971

1965 செப்டம்பரில் கேம் கரன் பகுதியில், ஜீப்பில் பொருத்திய டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியுடன் பாகிஸ்தான் டாங்கிகளை எதிர்கொண்டு மடிந்தார் ஹவில்தார் அப்துல் ஹமீது. அவர் தகர்த்த டாங்கிகளின் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. களத்திலிருந்து எழுதப்பட்ட அறிக்கைகளில் இத்தகைய வேறுபாடு இயல்பானது. அதே போரில் சியால்கோட் முனையில் உயிரிழந்த 17ஆம் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் தாராபூர், இவ்விருதைப் பெற்றவர்களுள் மிக உயர்ந்த பதவி வகித்தவர்.

1971 போரில் நால்வர் பெற்றனர். கிழக்கு முனையின் கங்காசாகரில், இன்றைய ஜார்க்கண்டைச் சேர்ந்த ஆதிவாசி வீரர் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளை அடக்கி உயிரிழந்தார். டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கின. குண்டுகள் விழும் ஓடுபாதையிலிருந்தே தமது நாட் விமானத்தில் எழும்பி அவற்றை எதிர்த்த பறப்பு அதிகாரி நிர்மல் ஜித் சிங் செகோன் சுட்டு வீழ்த்தப்பட்டார். விமானப் படையில் இவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அவரது உடல் கிடைக்கவில்லை.

டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில், எரியும் டாங்கியை விட்டு வெளியேற மறுத்து இறந்தார் 21 வயதான இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். முப்பது ஆண்டுகள் கழித்து அவருடைய தந்தை தமது பிறந்த ஊரைக் காணப் பாகிஸ்தான் சென்றார். அங்கே அவரை விருந்தினராக ஏற்று உபசரித்த முன்னாள் பிரிகேடியர் குவாஜா முகமது நாசர், அன்றைய சண்டையில் அருணை வீழ்த்தியவர் தாமே என்று சொல்லி, அந்த இளைஞரின் வீரத்தைப் புகழ்ந்தார். மறுநாள் போரில் காயத்துடன் தம் படையை வழிநடத்திய மேஜர் ஹோஷியார் சிங் உயிருடன் விருது பெற்றார்.

சியாச்சினும் யாழ்ப்பாணமும்

1987ஆம் ஆண்டில் நிகழ்ந்த செயல்களுக்காக இரண்டு விருதுகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு களங்களுக்கு வழங்கப்பட்டன.

சியாச்சின் பனிமலையில் ஏறத்தாழ 6,500 மீட்டர் உயரத்தில் பாகிஸ்தான் ஒரு காவல் நிலையை அமைத்திருந்தது. ஜூன் 26 அன்று செங்குத்தான பனிச்சுவரில் ஏறி அதைக் கைப்பற்றிய குழுவுக்கு நாயப் சுபேதார் பானா சிங் தலைமை தாங்கினார். அம்முகடு இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

மற்றொன்று தமிழருக்கு நெருக்கமானது. எளிதில் பேசிவிட முடியாததும் ஆகும். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழ்க் குடும்பத்தில், 1946இல் பம்பாயில் பிறந்தவர். சென்னை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயின்று 1972இல் மகர் படைப்பிரிவில் அதிகாரியானார். 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது. அக்டோபரில் அப்படைக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. நவம்பர் 25 அன்று, யாழ்ப்பாணத்தின் உடுவிலை அடுத்த கந்தரோடைப் பகுதியில் தேடுதல் முடித்துத் திரும்புகையில், பரமேஸ்வரனின் குழு பதுங்கியிருந்தவர்களின் தாக்குதலுக்கு உள்ளானது. அவர் பின்புறமாகச் சுற்றிவந்து எதிர்த்தார். கைகலப்பில் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார். இறக்கும்வரை தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார் என்று விருதறிக்கை கூறுகிறது.

அவர் இறந்த மண்ணில் அப்படையின் நினைவு வேறு விதமானது. அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 21, 22 நாள்களில், யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நோயாளர்களும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டனர். அது இந்தியப் படையினர் செய்த படுகொலை என யாழ்ப்பாண மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியபோது அது ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்திருந்தது. ஒரு விருதறிக்கை தனியொருவரின் செயலை மட்டுமே பதிவுசெய்யும். அந்தப் போர் சரியா என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. தமிழர் ஒருவர் தமிழ் மண்ணில் தமிழரோடு போரிட்டு மடிந்து பெற்ற இந்தப் பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு நினைவுகளையும் சேர்த்தே சொல்வதுதான் முறை.

கார்கில்

1999 கார்கில் போரில் ஜூலை 3 முதல் 7 வரையான ஐந்து நாள்களில் நிகழ்ந்த செயல்களுக்காக நான்கு விருதுகள் வழங்கப்பட்டன. கலூபாரில் லெப்டினன்ட் மனோஜ் குமார் பாண்டேயும், 4875 முகட்டில் கேப்டன் விக்ரம் பத்ராவும் உயிரிழந்தனர். அதே முகட்டில் போரிட்ட ரைபிள்மேன் சஞ்சய் குமார் உயிருடன் பெற்றார்.

நான்காமவர் டைகர் ஹில் போரில் உடலெங்கும் குண்டு பாய்ந்த கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவ். வயது 19, இவ்விருதைப் பெற்றவர்களுள் மிக இளையவர். மறைவுக்குப் பிந்தைய விருதாகவே அவருடையதும் முதலில் அறிவிக்கப்பட்டது. இறந்தவர் அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர் என்பதும், இவர் மருத்துவமனையில் பிழைத்துவருகிறார் என்பதும் பின்னரே தெரியவந்தன. தன் சிங் தாப்பாவுக்கு நேர்ந்தது 37 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நேர்ந்தது.

அதே டைகர் ஹில்லில் எதிர்த்தரப்பில் நின்று மடிந்தவர் பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கான். அவரது உடலைத் திருப்பி அனுப்பியபோது, அவர் மிகத் துணிவுடன் போரிட்டார் என்ற குறிப்பை இந்திய பிரிகேடியர் ஒருவர் சேர்த்து அனுப்பினார். பின்னர் அவருக்குப் பாகிஸ்தானின் உயரிய விருதான நிஷானே ஹைதர் வழங்கப்பட்டது.

பட்டியல் சொல்வது

விருது பெற்ற 21 பேரில் 20 பேர் தரைப்படையினர், ஒருவர் விமானப் படையினர். கடற்படையில் எவரும் இல்லை. 12 பேர் அதிகாரிகள். 9 பேர் சுபேதார் முதல் சாதாரண வீரர்வரையான நிலையினர். விருது பெற்றோருக்கான மாதப்படி 2017இல் 10,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாநில அரசுகள் தரும் நிதி இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது.

2019 பிப்ரவரியில் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் உள்ளன. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரில் பெயரிடப்படாதிருந்த 21 தீவுகளுக்கு இவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாதெமியின் அணிவகுப்புத் திடல் பரமேஸ்வரனின் பெயரைத் தாங்கியுள்ளது.

கார்கிலுக்குப் பின் இவ்விருது எவருக்கும் வழங்கப்படவில்லை. 2020இல் கல்வான் மோதலில் உயிரிழந்த கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு இரண்டாம் நிலையிலுள்ள மகா வீர் சக்கரமே கிடைத்தது. இவ்வளவு அரிதாக வழங்கப்படுவதே பரம் வீர் சக்கரத்தின் மதிப்பைக் காக்கிறது. அதே சமயம், ரெசாங் லாவில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் அவ்வழியே வந்திராவிட்டால் அங்கு நடந்தது எப்படி நிரூபணமாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கண்டு சொல்ல ஒருவரும் மிஞ்சாத பதுங்கு குழிகள் எல்லாப் போர்களிலும் உண்டு. அங்கே மடிந்தவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.